தேயிலைச் செடி போட்டுப் பார்த்த டீசேர்ட்

சேல ஜாக்கெட் தைக்கிறவளுக்கு எதிரி ஒருத்திதான், அத போட்டுக்கிறவ. பனியன் துணி தைக்கிறவளுக்கு எதிரி ரெண்டு, போட்டுக்கிறவளும் அந்தத் துணியும்.

வீட்டுல ஒரு சின்ன மெசின வச்சிக்கிட்டு டீசேர்ட், பிஜாமா, புள்ளைங்க பனியன்னு இழுபடுற துணியோட மல்லுக்கட்டுற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். மத்தவங்களுக்கு இது விளங்காது. சீத்தத் துணிய, அதான் இழுபடாத நெய்த துணிய, வெட்டினா வெட்டின இடத்துல கெடக்கும். பனியன் துணி அப்படியா? கத்தரியப் பாத்ததும் ஓரத்த சுருட்டிக்கும். ஊசியப் பாத்ததும் நீண்டுக்கும். தச்சு முடிச்சு தூக்கிப் பாத்தா கீழ் மடிப்பு அப்பளம் பொரிச்ச மாதிரி நெளிஞ்சு நிக்கும். தைக்கக் குடுத்தவங்க அந்த நெளிவப் பாப்பாங்க, அப்புறம் நம்ம மூஞ்சியப் பாப்பாங்க. அந்தப் பார்வைய நீங்களும் வாங்கியிருப்பீங்க.

நான் இருக்கிறது றக்வானைக்கு மேல ஒரு தோட்டத்துல. வரிசையா ஒட்டிக் கெடக்கிற லயத்து வீடுகள்ல கடைசிக் காம்பரா எங்களோடது. முன்னால திண்ணை மாதிரி இருக்கிற இஸ்தோப்புலதான் மெசின் போட்டிருக்கேன், அங்கதான் வெளிச்சம் வரும். பீலிக்குத் தண்ணிக்குப் போறவங்க, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறவங்க எல்லாரும் நின்னு பாத்து ஆளுக்கொரு யோசன சொல்லிட்டுத்தான் போவாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஊசியில நூல் கோத்துத் தந்ததில்ல.

கழுத்துக்குக் கீழ

கல்யாணத்துக்கு முந்தி பலாங்கொடப் பக்கம் ஒரு காமன்ட் பெக்டரியில தையல் வேல செஞ்சேன். வேலைய விட்டிட்டு தோட்டத்துக்கு வந்ததும் ஒரே பேச்சு: செல்வி வெளிநாட்டுக்குப் போற டீசேர்ட் தச்சவ, அவளுக்குத் தெரியாத தையலே இல்ல. நானும் மறுக்கல. யாராவது புகழ்ந்தா மறுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல கெடயாது. ஆனா காமன்ட்ல வேல செஞ்சவங்களுக்கு உண்மை தெரியும். அங்க ஒரு ஆள் முழுச் சட்டைய தைக்கிறதே இல்ல. ஒருத்தி தோள் சேப்பா, ஒருத்தி கை வைப்பா, ஒருத்தி கீழ மடிப்பா. நான் சேந்த நாள்ல இருந்து விலகின நாள் வரைக்கும் கழுத்துப் பட்டி மட்டும் வச்சவ. எந்தெந்த ஊர் வெள்ளக்காரன் கழுத்துல என் பட்டி இருக்கோ தெரியாது. அவன் சட்டைக்குக் கை யாரு வச்சான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.

வீட்டு மெசின்ல நான் தச்ச முதல் டீசேர்ட் வீட்டுக்காரருக்கு. அவர் ஓட்டோ ஓட்டுறவர், நாளெல்லாம் சவாரிக்காரங்களோட பேசிட்டு வீட்டுல வாயத் திறக்க மாட்டாரு. துணி மெசின்ல நகர மாட்டேங்குதேன்னு நான் பின்னால இருந்து இழுத்தேன். அப்புறம் வேகமா போகுதேன்னு முன்னால இருந்து பிடிச்சேன். சேல ஜாக்கெட்டுக்குப் போடுற அதே நேர்த் தையல், அதே கூர் ஊசி. அவர் தலைய உள்ள விட்டதும் பக்கத் தையல் டப்பு டப்புன்னு அறுந்திச்சி, ஊசி குத்தின இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. கீழ் மடிப்பு அவர விட்டு ஒரு சாண் தள்ளி நின்னிச்சி. கழுத்து மட்டும் அச்சுல வார்த்த மாதிரி. கண்ணாடி முன்னால நின்னு மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா கேட்டாரு:

"செல்வி, கழுத்துக்குக் கீழ யாரு தச்சது?"

பாக்கியம் அக்காவோட சிக்கனம்

அதுக்கப்புறம் கெடுத்துக் கெடுத்துத்தான் படிச்சேன். நுனி உருண்ட ஊசி வேணும், அதுதான் இழைய அறுக்காம விலக்கிட்டுப் போகும். நேர்த் தையல் கூடாது, சின்னதா வளைஞ்சு வளைஞ்சு போற தையல் போடணும். துணிய அமுக்கிற மெசின் காலோட அழுத்தத்த தளத்தணும். துணிக்கு அடியில பேப்பர் கீத்து வச்சு தச்சிட்டு பிறகு கிழிச்சு எடுத்தா நெளியாது. எல்லாத்துக்கும் மேல, கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும். துணி தானா போகணும், நம்ம வழி காட்டினா போதும். இது கேக்க லேசு. எங்க தோட்டத்துல யாருக்கும் கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கிற பழக்கமில்ல.

பாக்கியம் அக்கா எங்க டிவிஷன், தோட்டத்துல எங்க பகுதி, பொம்பளைங்களுக்கு பெரிய ஆளு. பதவி ஒண்ணும் கெடயாது. ஆனா மலையில எந்தப் பேச்சு எழும்பினாலும் கடைசியில எல்லாரும் அவங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. ஒரு நாள் றக்வான டவுன்ல பாரூக் நானா கடையில இருந்து கிலோ துணி வாங்கிட்டு வந்தாங்க. பெக்டரியில மிஞ்சின பனியன் துணிய நானா நிறுத்து விக்கிறவரு. ஒரு துண்ட ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்துக் காட்டியே அத ரெண்டு துண்டு அளவுன்னு நம்ப வச்சிடுவாரு, அவ்வளவு கெட்டிக்காரரு. அக்காவுக்கு அவங்க வீட்டுக்காரருக்கு ஒரு டீசேர்ட் வேணும், மிச்சத்துல ரெண்டு தலகாணி உறையும் வேணும். இந்தத் துணி ஒரு பக்கமாத்தான் நல்லா இழுபடும், அந்தப் பக்கம் ஒடம்பச் சுத்தி வரணும், அப்படி வெட்டினா ஒரு உறைதான் தேறும்னு சொன்னேன். திருப்பிப் போட்டு வெட்டினா ரெண்டு வருமேன்னாங்க. வரும், ஆனா சட்டை கீழ்முகமா இழுபடும்னேன். நீ வெட்டு, நான் பாத்துக்கிறேன்னாங்க. வெட்டினேன்.

அவரு இடுப்புல சாரத்த கட்டி, மேல அத போட்டுக்கிட்டு புல்லு வெட்டப் போனாரு. மழை பிடிச்சிச்சி. நனைஞ்ச பனியன் துணி தன் பாரத்த தானே தூக்காது. போகும்போது இடுப்போட இருந்த சட்டை வரும்போது முழங்கால தொட்டிச்சி, அகலத்துல மட்டும் மூச்சுப் பிடிக்கிற மாதிரி இறுக்கம். லயம் முழுக்க வெளிய வந்து சிரிச்சிச்சி. நான் உள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டேன். கதவத் தட்டி உள்ள வந்தாங்க அக்கா. யாரு திருப்பி வெட்டச் சொன்னதுங்கிற பேச்சே வரல.

"அவருக்கு இனி சாரம் தனியா வாங்கத் தேவையில்லாம பண்ணிட்ட செல்வி."

தலைவர் மூஞ்சி

பாக்கியம் அக்காவோட மூத்தவ நிரோஷா. பள்ளிக்கூடத்துல நெட்போல் விளையாடினவ, இப்ப அம்மாவோட கொழுந்தெடுக்கிறா. வேல விட்டதும், கைக்குழந்தைங்கள விட்டிட்டுப் போற புள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்துத் தரையில ஒரு கம்புல வளையத்தக் கட்டி டிவிஷன் பொம்பளப் புள்ளைங்கள சேத்து விளையாட ஆரம்பிச்சா. பலாங்கொடையில தோட்டத்துப் புள்ளைங்களுக்கு ஒரு போட்டி வச்சாங்க. எங்க டிவிஷன்ல பொம்பளப் புள்ளைங்க இதுவரைக்கும் விளையாட வெளிய போனதே இல்ல. பொடியனுங்க கிரிக்கெட்னு வருசா வருசம் லொறி ஏறிப் போவானுங்க, தோத்திட்டு பாட்டுப் பாடிக்கிட்டு வருவானுங்க, அதுக்கு யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. இந்தப் புள்ளைங்க போறதுக்கு மட்டும் அம்மாமாருங்க கூடிப் பேசினாங்க. பேசி முடிச்சு பாக்கியம் அக்கா சொன்ன தீர்ப்பு இதுதான்: சட்டை மானமா இருந்தா போகட்டும், ஒடம்போட ஒட்டிச்சின்னா ஒருத்தியும் போக வேணாம். போட்டி வைக்கிறவங்களோ ஒரே நிறத்துல சட்டை இல்லாத அணிய கிட்டயே சேக்க மாட்டாங்களாம். ஆக, நிரோஷா பலாங்கொட போறதும் போகாததும் என் இஸ்தோப்புல வந்து நின்னிச்சி.

துணி தர்றேன்னு தலைவர் முன்வந்தாரு. எங்க தோட்டத்துல தலைவர்னா தொழிற்சங்கத் தலைவர். பேரு நான் சொல்லத் தேவையில்ல, பாத்தா அவரே சொல்லிடுவாரு. நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: சட்டைக்கு முன்னால அவர் மூஞ்சிய பிரிண்ட் அடிக்கணும், அதுக்குக் கீழ இடமிருந்தா டிவிஷன் பேரு. சாம்பிளுக்கு ஒரு சட்டை தச்சு டவுன்ல பிரிண்ட் அடிச்சிட்டு வந்து, காலையில வேலைக்குப் பேர் குடுக்கக் கூடுற பிரட்டுக்களத்துல காட்டினோம். மேசையில விரிச்சப்ப தலைவர் நல்லாத்தான் இருந்தாரு. நிரோஷா அணியில கோல் காக்கிற தேவி அத எடுத்துப் போட்டா. இழுபடுற துணியில அடிச்ச படம், ஒடம்பு எங்க எடுக்குதோ அங்க போகும். தலைவருக்கு கன்னம் ரெண்டும் விரிஞ்சு, மீசை காதுல இருந்து காதுக்குப் போயிடிச்சி. தேவி மூச்சு வாங்கினா தலைவரும் மூச்சு வாங்கினாரு. பெத்த புள்ள நெஞ்சுல ஊரான் மூஞ்சி எதுக்குன்னு பாக்கியம் அக்கா ஒரு பக்கம் சத்தம். படத்த முதுகுக்கு மாத்துறதுன்னு முடிவாச்சி. தலைவர் மட்டும் தேவியச் சுத்திச் சுத்திப் பாத்திட்டு, கடைசியில கவலையோட சொன்னாரு:

"இது நான் இல்ல, இது மத்த சங்கத்துக்காரன்."

மூணு சாம்பிள்

பிரட்டுக்களத்துல அம்மாமாருங்க சட்டை பரிசோதிக்கிறத நீங்க பாத்திருக்கணும். கொழுந்து நிறுக்கிற இடத்துல கணக்கப்புள்ள கூடையில கை விட்டுக் கிளறுற மாதிரி கிளறினாங்க. ஒருத்தி இடுப்புல கிள்ளினா, ஒருத்தி கைக்குழியில விரல விட்டா. பனியன் துணிய யாராவது கிள்ளிக் கிள்ளி இழுத்தா அது இழுத்த இடத்துல புடைச்சுக்கிட்டு நிக்கும். பாரு, இங்க தூக்கிட்டு நிக்குது, நீ ஒழுங்கா தைக்கலன்னு அதையும் என் தலையில போட்டாங்க. அதே நேரம் அந்தக் களத்துக்கு மேல பொடியனுங்க கிரிக்கெட் சட்டையோட நிக்கிறானுங்க. டவுன் கடையில வாங்கினது, மூச்சு விட்டா கிழியிற மாதிரி இறுக்கம். அவனுங்க அம்மாமாரும் இந்தக் கூட்டத்துலதான் இருந்தாங்க. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல.

முதல் சாம்பிள் ஒட்டுதுன்னாங்க. ரெண்டாவத பெருசா தச்சேன், காத்தடிச்சா ஒட்டும்னாங்க. கோபத்துல மூணாவத வெட்டும்போது துணியோட அகலம் முடியிற வரைக்கும் வெட்டினேன். அத பாத்து எல்லாருக்கும் திருப்தி. இதுதான் மானமான சட்டைன்னு பாக்கியம் அக்கா என் முதுகுல தட்டினாங்க. நிரோஷா அத போட்டுக்கிட்டு பந்த எறியக் கையத் தூக்கினா. கை போச்சி, சட்டையும் கூடப் போச்சி, தலை காணாமப் போச்சி. துணிக்குள்ள இருந்து வெளிய வர கொஞ்ச நேரம் எடுத்திச்சி. வெளிய வந்தப்ப கண்ணு கலங்கியிருந்திச்சி. அம்மாமாருங்க போன பிறகு என் இஸ்தோப்புல வந்து உக்காந்தா. இந்தத் தடவ போகலைன்னா இனி எங்க போட்டி வச்சாலும் பேச்சே எடுக்க ஏலாதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம்னு வாயத் திறக்க முந்தி அவளே கேட்டா:

"அக்கா, பந்து இதுக்குள்ள போயிட்டா யாரு எடுத்துத் தர்றது?"

செடிக்கு அளவெடுத்தது

சகோதரிகளே, அளவ மாத்தி மாத்தி வெட்டுறதுல பிரயோசனமில்லன்னு எனக்கு அப்பதான் ஒறச்சிச்சி. மாத்த வேண்டியது துணிய. தலைவர் எடுத்துத் தந்த துணியில மிச்சத்த பாரூக் நானாகிட்டயே கொண்டு போய், மெல்லிசு வேணாம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பின்னின கனத்த துணி தாங்கன்னு மாத்தி வாங்கினேன். அது ஒடம்புல சாயாது, தானா நிக்கும். வெட்ட முந்தி அலசி, பாயில விரிச்சு ஒரு ராத்திரி கெடக்க விட்டேன். கடையில சுருட்டி இழுத்து வச்சிருந்த துணி தன் அளவுக்குத் திரும்பி வரணும்ல. தோளுக்கு உள்ளுக்குள்ள நாடா வச்சு தச்சேன், அது இருந்தா தோள் தொங்காது. எல்லாத்தையும் அந்தப் புள்ளைங்க அளவுக்கே தச்சேன், பெருசும் இல்ல, சின்னதும் இல்ல. முதுகுல பிரிண்டும் அடிச்சு வந்திச்சி. பாக்கியம் அக்கா ஒவ்வொண்ணா கிள்ளிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அவங்க ஒண்ணும் சொல்லலைன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில அக்கா, புதுத் துணிக்கு மஞ்ச வச்சு கோயில்ல வச்சிட்டுத் தர்றேன்னு சட்டைங்கள வாங்கிட்டுப் போனாங்க. மஞ்ச வைக்கிறது வழக்கம்தானேன்னு நானும் குடுத்திட்டேன். பகல்ல பீலிப் பக்கம் போனேன். லயத்துக்குக் கீழ தேயிலை மலையில வரிசையா செடிங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு செடி மேலயும் ஒரு தலைவர் வானத்தப் பாத்துக்கிட்டு படுத்திருக்காரு. பிரிண்ட் நாத்தம் அடிக்குதுன்னு அக்கா எல்லாத்தையும் கல்லுல அடிச்சு, முறுக்கிப் பிழிஞ்சு, செடிக்கு மேல நல்லா இழுத்து விரிச்சிருக்காங்க. ஓடிப் போய் ஒண்ண எடுத்தேன். செடி எவ்வளவு அகலமோ சட்டை அவ்வளவு அகலம். நடுவுல செடி மாதிரியே ஒரு மேடு, கீழ் ஓரம் ரெண்டு பேர் நுழையிற அளவு.

எனக்கு அழுகை வந்திச்சி. அதுக்கு மேல கோபம் வந்திச்சி. புள்ளைங்க போகக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சீங்களான்னு அக்காகிட்ட நேராவே கேட்டேன். லயத்துல யாரும் அவங்ககிட்ட அப்படிக் கேட்டதில்ல. அவங்க கையில இருந்த சட்டைய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, மூஞ்சி செத்துப் போச்சி. சத்தியமா அவங்களுக்கு விளங்கல.

"எங்க அம்மா காலத்துல இருந்து இந்தச் செடியிலதான் காயப்போடுறோம், ஒரு சேலையும் செடியாகலியே."

கொழுந்துத் தட்டு

அவங்க சொன்னது சரிதான். சேல நெய்த துணி, அது எங்க போட்டாலும் சேலையாத்தான் இருக்கும். பனியன் துணி பின்னின துணி, ஈரத்தோட எது மேல போட்டாலும் அதுவாயிடும். சக பாவிகளே, இது உங்களுக்கும் நடந்திருந்தா கேட்டுக்குங்க, வழி இருக்கு. சுடுதண்ணியில ஊற வச்சா துணி சுருங்கி தன் எடத்துக்கு வரப் பாக்கும். முறுக்காம துவாயில சுருட்டி ஒத்தி எடுக்கணும். பிறகு சமமான எடத்துல விரிச்சு, கையால தட்டித் தட்டி பழைய உருவத்துக்குக் கொண்டு வந்து, தொங்க விடாம காய வைக்கணும். ஆனா லயத்துக் காம்பராவுல இத்தன சட்டைய விரிக்க எடம் எங்க இருக்கு? நாங்க படுக்கவே காலை மடக்கிக்கிட்டுத்தான் படுக்கிறோம். வெளிய வானம் கறுத்துக்கிட்டு வருது. மறுநாள் விடிஞ்சா வேன் வந்திடும்.

ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற தட்டு இருக்கேன்னு நிரோஷாதான் சொன்னா. கொழுந்த தேயிலைத்தூளாக்குற ஸ்டோர பாத்தவங்களுக்குத் தெரியும், நீட்டு நீட்டா கம்பி வலைத் தட்டு, அடியில இருந்து காத்து வரும். சட்டை காய வைக்க அத விட நல்ல எடம் உலகத்துலயே கெடயாது. அன்னைக்கு அரைநாள் வேல, கொழுந்து கொறவு, ஒரு தட்டு சும்மாதான் கெடந்திச்சி. தலைவர்கிட்ட போய் கேட்டுத் தாங்கன்னோம். நிர்வாகத்தோட நடக்கிற அடுத்த பேச்சுவார்த்தையில முதல் கோரிக்கையா வைக்கிறேன்னாரு. நான் தலையில கைய வச்சிக்கிட்டு நின்னேன். பாக்கியம் அக்கா ஈரச் சட்டை கூடைய இடுப்புல வச்சிக்கிட்டு ஸ்டோர் பக்கம் நடந்தாங்க.

ஸ்டோர பாத்துக்கிற டீமேக்கர் மாத்தயா சிங்களவர், எங்க தமிழும் நல்லா பேசுவாரு. தேயிலையில சோப்பு வாசன வந்தா என் வேல போயிடும்னு ஒரேயடியா மறுத்தாரு. நல்லா அலசியாச்சி, மோந்து பாருங்கன்னு அக்கா ஒரு சட்டைய அவர் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. பிறகு சிங்களத்துல ரொம்ப அமைதியா சொன்னாங்க: நான் புள்ளையா இருந்த காலத்துல இருந்து பறிச்ச கொழுந்தெல்லாம் இந்தத் தட்டுலதானே கெடந்திச்சி, என் புள்ள சட்டை ஒரு பொழுது கெடக்கக் கூடாதா. மாத்தயா அக்காவப் பாத்தாரு, கூடையப் பாத்தாரு, முதுகுல கசங்கிக் கெடந்த தலைவரப் பாத்தாரு. சிரிப்ப அடக்கிக்கிட்டு தட்ட காட்டினாரு. வலை மேல பழைய சீல விரிச்சு, நானும் நிரோஷாவும் சட்டைங்கள ஒவ்வொண்ணா தட்டி உருவாக்கி வச்சோம். கீழ இறங்கும்போது பின்னால இருந்து அவர் குரல் வந்திச்சி:

"கொழுந்து மாதிரி வாட்டிக்குங்க, ஆனா உருட்டிக் கசக்குற மெசின் பக்கம் கொண்டு போயிடாதீங்க."

பலாங்கொட மைதானத்துல

விடியக்காலையில தட்டுல போய்ப் பாத்தா, சட்டைங்க பழைய உருவத்துக்குத் திரும்பி வந்திடிச்சி. முழுசா வரல, கீழ் மடிப்பு அங்கங்க நெளிஞ்சிருந்திச்சி. ஆனா தோள் நின்னிச்சி, ஒடம்பு நின்னிச்சி, கழுத்த பத்தி நான் சொல்லத் தேவையில்ல. எல்லாத்துலயும் பச்சக் கொழுந்து வாசன. திரும்பி வராதது தலைவர் மட்டும்தான். துணி சுருங்கிச்சி, பிரிண்ட் சுருங்கல. முதுகு முழுக்க வெடிப்பும் சுருக்கமுமா கெழவனாயிட்டாரு. வேன்ல முன் சீட்டுல உக்காந்து வந்தவரு இறங்கினதும் அத பாத்திட்டு, போட்டோ எடுக்கும்போது புள்ளைங்கள முன்பக்கமா திரும்பி நிக்கச் சொன்னாரு.

அந்த மெச் நாங்க தோத்தோம். அத முதல்லயே சொல்லிடுறேன், பிறகு என்னைத் திட்டாதீங்க. பாதி விளையாட்டுல மழை கொட்டிச்சி. எங்க மாகாணத்து மழைய தெரியாதவங்க இருந்தா ஒரு தடவ வந்து நனைஞ்சு பாருங்க. கனத்த துணி, நிக்கிற துணி, நான் தேடித் தேடி வாங்கின துணி, எல்லாம் ஒரு நொடியில புள்ளைங்க ஒடம்போட ஒட்டிப் போச்சி. எந்தத் தையல்காரியாலயும் மழைக்கு ஈடா தைக்க ஏலாது. அம்மாமாருங்க எல்லாரும் கோட்டு ஓரத்துல குடையோட நின்னாங்க. நான் அவங்க காலையே பாத்துக்கிட்டு நின்னேன், எப்ப இவங்க உள்ள இறங்கி புள்ளைங்கள இழுத்திட்டுப் போகப் போறாங்களோன்னு. நம்ம கிரிக்கெட் பொடியன் ஒருத்தன், அவனும் கூட்டத்தோட வந்திருந்தான், படம் எடுக்க போன் கேமராவ தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, ஒட்டுது பாருங்கடான்னு பக்கத்துல நின்னவனுங்களுக்குக் காட்டிச் சிரிச்சான். பாக்கியம் அக்கா திரும்பக்கூட இல்ல. கையில இருந்த குடைய சாச்சு அவன் மூஞ்சிக்கு நேரா பிடிச்சாங்க, அவனுக்கு குடை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

நிரோஷா கையில பந்து. வளையம் எதிர்லயே இருக்கு. அவ பந்த ஒரு கையில வச்சிக்கிட்டு மத்தக் கையால நெஞ்சுல ஒட்டின சட்டைய பிடிச்சு இழுத்து இழுத்து விடுறா. பந்த பாக்கல, வளையத்த பாக்கல, கோட்டு ஓரத்துல அம்மா மூஞ்சியப் பாக்கிறா. எங்க எல்லாரோட மூஞ்சியும் அந்தப் பக்கம் திரும்பிச்சி. அம்மாமாருங்க வரிசையும் வழக்கம் போல அக்காவத்தான் பாத்திச்சி. அக்கா ஒரு அடி முன்னால வந்தாங்க. குடை பொடியன் பக்கமே சாஞ்சிருக்கு, தலையில இருந்து தண்ணி ஒழுகுது, கட்டியிருந்த சேலையும் ஒடம்போட ஒட்டியிருக்கு. மழைச் சத்தத்துக்கு மேல கத்தினாங்க:

"சட்டைய விடுடி, பந்தப் போடு."

ஆக, பனியன் துணி தைக்கிற பாவிகளே, நீங்க மட்டும் அத இழுக்காதீங்க, இழுக்கிறதுக்குன்னே ஊர்ல அத்தனை பேர் சும்மா நிக்கிறாங்க.